இரு பக்கமும் ஒரே சாய்வு

அன்புள்ள மகனுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் உன் மனைவியும் சுகம். வீடு பார்த்துவிட்டதாகவும் மாதக் கடைசியில் அவளை அனுப்பிவைக்கும்படியும் எழுதியிருந்தாய். முகம் மலர்ந்துதான் படித்தாள். ‘அந்த இரும்புத் தூசியிலிருந்து உனக்கு விடுதலை’ என்ற வரி வந்ததும் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்துவிட்டுப் பட்டறைக்குள் போய்விட்டாள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். அவசரப்படாமல் படி.

நீ வெளியூர் வேலைக்குப் போனபின், கத்தி தேய்க்கிற பெல்ட் மெஷின் துணி போர்த்திக் கிடந்தது. கத்தியை அடித்துப் பதம் போடுவது வரை என் கை பேசும். அலகின் இரு பக்கமும் சமமாகச் சாய்வு தேய்ப்பது எனக்கு எந்தக் காலத்தில் வந்தது? ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். மெஷின் ஆடுகிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று உன் அம்மா அடுப்படியிலிருந்தே பதில் கொடுத்தாள்.

அப்போதுதான் உன் மனைவி, நான் ஒரு தடவை பார்க்கட்டுமா என்று கேட்டாள். தையல்காரிக்கும் இரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பழைய தகட்டைக் கொடுத்தேன். அதைக் கரண்டி மாதிரி ஆக்கிவிட்டாள். ஆனால் விடவில்லை. ஒரு பக்கம் தேய்க்க வலது கை முன்னால் நிற்க வேண்டும், திருப்பினால் இடது கை. நமக்கெல்லாம் இடது கை சும்மா கூட வருகிற கைதானே. அவள் காய் நறுக்குவது, பல் தேய்ப்பது, பூட்டைத் திறப்பது எல்லாவற்றையும் இடது கையால் செய்யத் தொடங்கினாள். வலது கையில் அடிபட்டதை மறைக்கிறாள் என்று நினைத்து உன் அம்மா தைலப் புட்டியோடு பின்னாலேயே அலைந்தாள்.

இப்போது அவள் வேலை செய்வதை நீ பார்க்க வேண்டும். வெட்டுவாய் வரவேண்டிய விளிம்பின் நடுவில் நெருக்கமாக இரண்டு கோடு கீறிக்கொள்வாள். முழங்கைகளை விலாவோடு ஒட்டிவைத்து, கையை அசைக்காமல் உடம்பையே பக்கவாட்டில் நகர்த்துவாள். இந்தப் பக்கம் ஓர் இழுப்பு, தண்ணீரில் ஒரு முக்கு, அந்தப் பக்கம் ஓர் இழுப்பு. கையுறை போட மாட்டாள். சூடு விரலுக்குத் தெரிந்தால்தான் இரும்பு நீலம் பாய்ந்து பதம் கெடுவதற்குள் நிறுத்த முடியுமாம். மூக்குக்கும் கண்ணுக்கும் கவசம் போடாமல் நிற்பதில்லை, கவலைப்படாதே. ஒரு பக்கத்தை முழுதும் முடித்துவிட்டு மறுபக்கம் போனால் என்ன என்று கேட்டேன். “சட்டைக்கு ரெண்டு கையையும் சேர்த்து வச்சுத்தான் வெட்டணும் மாமா. ஒண்ணை முடிச்சுட்டு இன்னொண்ணை அதுக்குச் சரிக்கட்டப் போனா கோணிக்கும்” என்றாள். நீ அப்படித்தான் தேய்ப்பாய் என்பதை நான் சொல்லவில்லை.

போன வாரம் ஹோட்டல் சமையல் மாஸ்டர் வந்தார். நீ தேய்த்த கத்தி நறுக்கும்போது ஒரு பக்கமாக இழுக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்தாரே, அவரேதான். இவள் தேய்த்ததை வெளிச்சத்தில் நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். கைப்பிடி அருகே சாய்வு தொடங்குகிற இடம் இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நின்றது. அம்மாவிடம் ஓர் உருளைக்கிழங்கு வாங்கி நறுக்கினார். கத்தி நேராக இறங்கியது. யார் கை என்று கேட்டார். உன் மனைவி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். என் மருமகள் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பார்கள். இவள் நான் பெற்ற குஞ்சுகூட இல்லை, ஆனாலும் பொன்தான்.

நேற்று பெல்ட்டுகளையெல்லாம் சுருட்டித் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். போக மனமில்லையா என்று கேட்டேன். “அவரோட இருக்கணும்னுதான் மாமா எனக்கும் ஆசை. அவர் வேலைக்குப் போனப்புறம் நாள் முழுக்க அங்க நான் என்ன செய்வேன்?” என்றாள். உனக்கு எழுதச் சொன்னேன். ஆசையாக வீடு பார்த்திருக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது என்கிறாள். அவள் சொல்ல மாட்டாள். அதனால் நான் சொல்கிறேன். நீ கொடுக்கிற விடுதலை அவளுக்கு வேண்டாமப்பா.

நீ பார்த்திருக்கிற மூன்றாவது மாடி வீட்டை விட்டுவிடு. தரைத்தளத்தில், ஜன்னலும் குழாயும் உள்ள தனி அறையோடு பார். பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டாமல் இருக்கட்டும், இல்லாவிட்டால் சத்தத்துக்குச் சண்டைக்கு வருவார்கள். அடுப்படி சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அவளோடு மெஷினும் வருகிறது. நான் இங்கே அடித்துப் பார்சலில் அனுப்புகிறேன், அவள் அங்கே தேய்க்கட்டும். இன்று காலை போல்ட்டுகளைக் கழற்றினேன். வேண்டாம் மாமா, வேண்டாம் மாமா என்று அழுதுகொண்டே அவள்தான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

நீங்கள் இருவரும் நோய்நொடியில்லாமல் நீண்டநாள் வாழவேண்டும். மெஷின் நின்ற இடத்தில் போல்ட் துளைகள் பளிச்சென்று தெரிகின்றன. சிமெண்ட் பூசி அடைத்துவிடட்டுமா என்று உன் அம்மாவிடம் கேட்டேன். இருக்கட்டும் என்கிறாள்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
அப்பா