என் தட்டையே பார்த்தீர்கள்

பாம்பூஃப்ளாட்
தவக்காலம் இரண்டாம் ஞாயிறு

அன்பு மகன் டெர்வினுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் இங்கே தீவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் ஷீபாவும் அந்த ஹாலிஃபாக்ஸ் பனியில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று இன்றைக்குப் பூசையில் மாதாவிடம் கேட்டுவிட்டு வந்துதான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லக்கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். நீ என் போனை எடுத்து இரண்டு வாரம் ஆகிறது. எடுத்த நாளிலும் நான் ஒரு வார்த்தை ஆரம்பித்தால் நீ பத்து வார்த்தை பேசுவாய், நடுவில் நெட் போகும், திரும்பி வந்ததும் நீ கேட்பது ஒன்றே ஒன்றுதான், இப்ப எவ்வளவு வெயிட் இருக்கீங்கம்மா. காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அப்பா இதைப் போட்டோ பிடித்து உனக்கு அனுப்புவார். அவரும் படிப்பார், படிக்கட்டும், அவருக்கும் இதில் பங்கு இருக்கிறது.

ஷீபாவின் அப்பா அம்மா எல்லாரும் வீடியோவில் இருந்த அன்றைக்கு நீ சொன்னாயே, அவ்வளவு பெரிய ஆபரேஷன இப்படி வீணாக்கிட்டீங்களேம்மா என்று, அது எனக்கு இன்னும் ஆறவில்லை. சம்பந்தியம்மா பாவம், முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஷீபாவிடம் சமையலைப் பற்றிக் கேட்டார்கள். நான் சிரித்துச் சமாளித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். வீணாக்கியது யார் மகனே? சென்னையில் எடை குறைய வயிற்றில் அந்த பைபாஸ் செய்தபோது நீ காலேஜ் முடித்த புதிது, உனக்கு நினைவிருக்கும். வயிற்றின் மேல் பக்கத்தில் ஒரு முட்டை அளவுக்குப் பை மாதிரி பிரித்து, அதை நேராகக் குடலோடு சேர்த்துவிட்டு, மீதி வயிற்றைச் சோறு போகாதபடி ஒதுக்கி வைத்தார்கள். முதல் இரண்டு வருசம் எப்படி இருந்தேன்? சர்க்கரை மாத்திரையே நின்றுபோனது, சாத்தம் போகிற படகில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன், உன் கல்யாணத்துக்குக் கட்டிய சேலையில் என்னைப் பார்த்து ஊர்க்காரர்களே அடையாளம் தெரியவில்லை என்றார்கள். அதற்குப் பிறகு எடை மெதுவாக ஏறத் தொடங்கியது. ஏறும்போது நான் மெத்தையில் படுத்து அல்வா தின்றுகொண்டிருக்கவில்லை. அதே இரண்டு இட்லிதான், அதே கைப்பிடிச் சோறுதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் வயிறு காலியாகிப் பழைய பசி பசித்தது. நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். அதைச் சொன்னால் கேஸ் என்றார்கள். சர்க்கரை திரும்பி வந்தது, அதைச் சொன்னால் வாயைக் கட்டு என்றார்கள்.

படகு ஜெட்டி பக்கத்தில் டிபன் கடை வைத்திருக்கிறவள் குண்டானால் ஊர் என்ன சொல்லும் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. காலைப் படகுக்கு வருகிற அந்த பெங்காலி அண்ணன், தாதா என்றுதான் கூப்பிடுவோம், தினமும் ஒரே பேச்சு, ஆன்ட்டி, ஆதா வடா ஹம்கோ, ஆதா ஆப்கோ, பாதி வடை எங்களுக்கு, பாதி உங்களுக்கா என்று. சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். கோயிலில் அக்கம்பக்கத்தார் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஒருத்தி, தவக்காலத்திலாவது ஒறுத்தல் செய்யலாமே அக்கா என்று என் காதில் வந்து சொல்கிறாள். இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உன் அப்பா கப்பல் டியூட்டி முடிந்து ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து வீட்டுக்கு வந்ததும் முதலில் பிஸ்கட் டப்பாவைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பார். முப்பது வருசம் கூட வாழ்ந்தவர் டப்பாவை ஆட்டிப் பார்த்தால் மனுசிக்கு எப்படி இருக்கும்?

பிறகு நீ அங்கேயிருந்தே ஒரு சர்ஜனிடம் வீடியோவில் பேசி, இரண்டாவது ஆபரேஷன் என்று முடிவெடுத்து, நாளும் குறித்து, எனக்குச் சென்னை டிக்கெட்டை மட்டும் அனுப்பினாய். கடையையும் மூடச் சொன்னாய். என் வயிறு, என் கடை, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? சரி, பிள்ளை அக்கறையில் செய்கிறான் என்று அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அந்த ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று நீ கேட்கவே இல்லை, நான் பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்பதை மட்டும் கேட்டுக் கோபித்துக்கொண்டாய். இப்போது கேள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்கிற அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கேள்வி கேட்டது, பதில் உன் அப்பா சொன்னார். இவ திங்குதது எனக்குத் தெரியாதா மேடம், கடையில நின்னுக்கிட்டே கொறிச்சுக்கிட்டுத்தான் இருப்பா என்றார். அந்தப் பெண் தலையை ஆட்டி எழுதிக்கொண்டது. சர்ஜன் வந்து, குடலை இன்னும் தள்ளி இணைத்துவிடுவோம், சாப்பிடுவதில் பாதி உடம்பில் ஒட்டாது, மகனிடம் எல்லாம் பேசியாச்சு என்றார். ஏற்கெனவே எனக்கு இரும்புச் சத்து இல்லை, முடி கொட்டுகிறது, இன்னும் ஒட்டாமல் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். மாத்திரை, அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்றார். எங்கள் தீவில் அந்தப் பரிசோதனைகளில் சிலதை மெயின்லேண்டுக்கு அனுப்பித்தான் பார்க்கவேண்டும் டாக்டர் என்றேன். பார்த்துக்கலாம் என்றார். உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று முதலில் பார்க்கமாட்டீர்களா என்று கேட்டதற்கு, அட்மிட் ஆன பிறகு என்றார். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். படிக்கட்டிலேயே அப்பா கத்தினார், பிள்ள அவ்வளவு தூரத்துல இருந்து ஏற்பாடு பண்ணிருக்கான், நீ பெரிய டாக்டராட்டி என்று. நான் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

உன் ஆக்சிலியா சித்திதான் மறுநாள் என்னை இன்னொரு டாக்டரிடம் கூட்டிப்போனாள். பெயர் உமா மகேஸ்வரி, நாற்பது வயதுதான் இருக்கும். அந்தம்மா என்னைக் கேட்ட முதல் கேள்வி, எங்க வலிக்குது என்பது. இத்தனை வருசத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை டெர்வின். பசி எப்போது வருகிறது, எரிச்சல் சாப்பிடும் முன்பா பின்பா, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். மூட்டு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கிப் போடுவதைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். பைபாஸ் செய்தவர்கள் அந்த வலி மாத்திரையைத் தொடவே கூடாதாம், இணைத்த இடத்தில் புண் வருமாம். அன்றைக்கே ஒரு வெள்ளைக் கரைசலைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரேயில் பார்த்தார்கள், மறுநாள் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். பிறகு எங்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் படத்தைக் காட்டினார். அந்த வெள்ளை இரண்டு பக்கமாகப் போகிறது. ஒன்று குடலுக்கு, இன்னொன்று ஒதுக்கி வைத்த பழைய வயிற்றுக்கு. நடுவில் புண்ணாகி வழி திறந்திருக்கிறது. நீங்க சாப்பிடுறதுல ஒரு பங்கு பழைய வழியிலேயே போயிட்டிருக்கு ரீத்தாம்மா, அதான் பசி, அதான் சர்க்கரை என்றார்.

எல்லாரும் நினைப்பது போல எனக்குச் சந்தோசம் வரவில்லை. கோபம்தான் வந்தது. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு, என்னைக் குறை சொன்னவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போல இருந்தது. உன் அப்பா பஸ்ஸில் வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, எனக்கு என்னட்டி தெரியும் என்றார். அவ்வளவுதான், மன்னிப்பு என்று நான் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் காலையில் கடையில் இருந்தார், அந்த தாதா தன் வடைப் பேச்சை ஆரம்பித்தார், அப்பா சட்டென்று எழுந்து, பஸ் கரோ தாதா, உஸ்கோ பீமாரி ஹை, அவளுக்கு உடம்பு சரியில்லை, போதும் நிறுத்து என்று கத்தினார். தாதா காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார், எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

உமா டாக்டர் ஒளிக்காமல் சொன்னதை உனக்கும் ஒளிக்காமல் எழுதுகிறேன். எல்லாப் பழியும் அந்த ஓட்டைமேல் இல்லையாம், நின்றுகொண்டே கொறிப்பதும் சேர்ந்திருக்கிறதாம். ஒத்துக்கொண்டேன். ஆபரேஷனிலும் பல வகை சொன்னார். பையின் வாய் அகன்றுபோனவர்களுக்கு வாய் வழியாகவே போய்த் தைத்துச் சுருக்குவார்களாம், சிலருக்குப் பையைச் சுற்றி வளையம் போடுவார்களாம், சிலருக்கு வாரம் ஒரு ஊசியே போதுமாம். நீ ஏற்பாடு செய்த குடல் வேலை, உள்ளே எல்லாவற்றையும் பார்த்த பிறகு சிலருக்கு மட்டும் செய்வதாம். அதை எனக்குச் செய்திருந்தால் ஓட்டை அப்படியே இருந்திருக்கும், சத்தும் போயிருக்கும். வாய் வழியாகத் தைக்கலாமே என்று நான் ஆசையாகக் கேட்டேன். இந்த அளவு வழியை அப்படித் தைத்தால் பல பேருக்குத் திரும்பத் திறந்துகொள்கிறது, சின்னத் துளைகள் போட்டு உள்ளே போய் அந்த இடத்தை வெட்டிப் பிரித்துவிடுவதுதான் சரி என்றார். இரண்டாம் முறை என்பதால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடக்கும், முதல் ஆபரேஷனைவிடக் கஷ்டம், தைத்த இடம் கசியவும் வாய்ப்பு உண்டு என்றும் சொன்னார். எடை எவ்வளவு குறையும் என்றேன். முதல் தடவை மாதிரி எதிர்பாக்காதீங்க, சர்க்கரையும் புண்ணும் கட்டுக்குள்ள வரும்னு நம்பலாம் என்றார். எதையும் கூட்டியோ மறைத்தோ சொல்லாத அந்தப் பேச்சுதான் எனக்குப் பிடித்தது.

அதனால் முடிவு எடுத்துவிட்டேன், நானே எடுத்தேன். வலி மாத்திரையை நிறுத்தியாச்சு. புண்ணுக்கு மருந்து சாப்பிடுகிறேன், இரும்புச் சத்துக்கு இங்கேயே ட்ரிப் ஏற்றுகிறார்கள். பாஸ்கா திருவிழா முடிந்து அடுத்த வாரம் சென்னை போகிறோம். ஏதாவது ஆனால் கடல் தாண்டி ஓட முடியாது என்பதால், முடிந்த பிறகு ஒரு மாதம் ஆக்சிலியா வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். கடையை மூடவில்லை. வடை போடுகிற பன்னீர்செல்வமும் அவன் பெண்டாட்டியும் பார்த்துக்கொள்வார்கள். மூடச் சொல்லி இனி என்னிடம் பேசாதே, நான் வீட்டில் சும்மா உட்கார்ந்தால்தான் கெட்டுப்போவேன். ஷீபாவிடம் சொல், அவள் தனியாக எனக்குப் போன் செய்து, அத்தை நீங்க சரியாத்தான் செஞ்சீங்க என்று சொன்னதை நான் மறக்கமாட்டேன். நீ அவளைத் திட்டாதே. வேலைக்குப் போகும்போது அந்தப் பனியில் காதை மூடிக்கொண்டு போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே காது வலி.

எனக்குப் பயமாக இருக்கிறது மகனே. அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை, இதைப் படிக்கும்போது தெரிந்துகொள்ளட்டும். நீ இந்தியா வந்து பக்கத்தில் நிற்கவேண்டும் என்று நான் கேட்கவில்லை, வந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன். ஆபரேஷன் நடுவில் ஏதாவது முடிவெடுக்கவேண்டி வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று டாக்டர் கேட்டார். அப்பா எப்படியும் உன்னைக் கூப்பிட்டுத்தான் கேட்பார். அதனால் உன் நம்பரைத்தான் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு வேலையில் இருந்தாலும் போனைக் கையில் வைத்திரு. என்மேல் இருக்கிற கோபம் தீராவிட்டாலும் பரவாயில்லை, அந்தம்மா கூப்பிட்டால் எடுத்துவிடு.

மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும். உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கும்

உன் அம்மா,
ரீத்தா வியாகுலம்