பதினோராவது பக்க எண்

அடியே, நாலு நாளாகச் சோப்புப் போட்டுப் போட்டுக் கை கழுவுகிறேன். எலி மூத்திர வாடை போகமாட்டேன் என்கிறது. வெள்ளிக்கிழமை நம் கல்லூரி நூலகத்தில் அந்தச் சிவப்பு அட்டைப் புத்தகம் கிடைத்தது. கிடைத்தது என்று எழுதுகிறேன் பார், கூச்சமே இல்லை எனக்கு. அது அங்கே இருப்பது ஏழு வருடமாக எனக்குத் தெரியும்.

நான் இப்போது இங்கேயே கெஸ்ட் லெக்சரர். அடுத்த மாதம் பார்வையிட ஒரு குழு வருகிறதாம். அதற்காகப் புத்தகங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். அமெரிக்க இலக்கியத் தட்டில் கரையான் தின்றது பாதி, பழைய பேப்பர்க்காரனும் தொடாத நோட்ஸ் பாதி. என் பிள்ளைகள் செல்லில் கேட்டு அரை நிமிடத்தில் கட்டுரை எழுதி வாங்கிக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள். "வெக்கமா இல்ல?" என்று கத்துகிறேன். யார் கத்துவது பார்!

நமக்கு இருந்தது அந்த ஒரே பிரதி. பருத்திக் காட்டு அடிமைகளைப் பற்றிய நாவல்களை ஆராய்கிற புத்தகம். வீட்டுக்குத் தரமாட்டார்கள், அங்கேயே உட்கார்ந்துதான் படிக்க வேண்டும். இரண்டு பேருக்கும் அதே வருடம் எம்.ஃபில்., அதே கைடு. நீ காட்டேரிக்குப்பத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்திருப்பாய். நான் வில்லியனூரிலிருந்து ஆடி அசைந்து வருவேன். "இன்னாடி, இப்பதான் விடிஞ்சிதா ஒனக்கு? காலைல எனக்கு, மத்தியானம் ஒனக்கு. சண்ட வாணாம்" என்பாய்.

ஒருநாள் கைடு என்னிடம் சொன்னார்: "ரெண்டு பேர்ல படிக்கத் தெரிஞ்சது அந்தப் பொண்ணுக்குத்தாம்மா. நீ டைப் நல்லா அடிக்கிற." அவ்வளவுதான். வயிறு எரிந்துபோனது எனக்கு.

ஜன்னலோரம் வேளாண்மைத் தட்டு இருந்ததே, கரும்பு சாகுபடி பற்றித் தடித்தடியாகப் புத்தகங்கள். அதில் ஒன்றை எடுத்து ஒருமுறை உன்னைக் கேலி செய்தேன். "அந்தப் பக்கமே நான் வரமாட்டேன்டி. வூட்ல பொழுதுக்கும் அதான் பேச்சு. கரும்பு வெட்டிட்டு வந்து எங்கம்மா கைய சொறியறதப் பாத்தா நீ சக்கரையே துன்னமாட்ட" என்றாய். அதை நினைவில் வைத்துக்கொண்டுதான், அந்தக் கரும்புப் புத்தகங்களுக்குப் பின்னால் சிவப்புப் புத்தகத்தைச் செருகினேன். நாலு நாளைக்குத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது இரண்டு மாதம் ஆனது. நீ பஸ்ஸுக்குக் கிளம்பியதும் எடுத்துப் படிப்பேன், குறிப்பு எடுப்பேன், திரும்பச் செருகுவேன்.

நீ தேடினாய். என்னையும் கூட்டிக்கொண்டு தேடினாய்! நானும் முட்டி போட்டு அடித்தட்டெல்லாம் தேடினேன். என் முகத்தில் ஒட்டிய தூசியை நீ உன் துப்பட்டாவால் துடைத்துவிட்டாய். நூலகர் எழுந்துகூட வரவில்லை. "ரிஜிஸ்டர்ல புக்கு இருக்குது. ஒனக்குத் தேடத் தெரியலன்னா நான் இன்னா பண்றது?" என்றார்.

முன்பே குறித்து வைத்திருந்த மேற்கோள்களை வைத்து நீ ஆய்வேட்டை எழுதி முடித்தாய். பதினோரு இடத்தில் பக்க எண் தெரியவில்லை. புத்தகம் கிடைத்ததும் எழுதிக்கொள்ளலாம் என்று அங்கெல்லாம் கோடு போட்டு விட்டிருந்தாய். கோடுகளோடே பைண்டிங்கும் ஆகிவிட்டது.

வைவா அன்று அந்த வெளித் தேர்வாளர் நாம் வாங்கி வைத்த வடையைத் தின்றுகொண்டே கேட்டார், எண்ணெய் விரலால் உன் தாளைப் புரட்டிக்கொண்டே.

"பக்க எண் எங்கம்மா?"

"புக்கு கெடைக்கல சார்."

"இந்தப் பொண்ணு அதே புக்குக்குப் பக்க எண் குடுத்திருக்கே? நீயா எழுதிட்டு அந்தப் புக்கு எழுதினவர் சொன்னார்னு போட்டுட்டியா?"

அடுத்த நாற்காலியில் என் முறைக்காக உட்கார்ந்திருந்த நான் சொன்னேன்: "நான் முன்னாடியே குறிச்சி வச்சிருந்தேன் சார்."

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். முன்பே குறித்திருந்தால் உனக்கும் சொல்லியிருப்பேனே, புரிந்துவிட்டது உனக்கு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், செருப்பால் அடித்திருக்கலாம். பஸ் ஸ்டாப்பில், "ஒனக்கு ஆயிடுச்சில்ல, போ, வூட்ல சொல்லு" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

திருத்திக் கொடு என்றார்கள், நீ கொடுக்கவில்லை. சோப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போனாய். மூன்று வருடம் கழித்து மதகடிப்பட்டு கூட்ரோட்டில் கம்பெனி வேன் கவிழ்ந்தது. உன் சாவுக்கு நான் வந்தபோது உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்பொண்ணு பொய்யாம்மா எழுதுச்சி? அப்டித்தான் சொல்லி அனுப்பினாங்களாம்" என்று அழுதார். "இல்லம்மா" என்றேன். மீதியை விழுங்கிவிட்டேன். நல்ல காய்ப்புக் காய்த்த கை அது, என் கையை இறுக்கியது.

வெள்ளிக்கிழமை புத்தகத்தை வெளியே இழுத்ததும் எலிப்புழுக்கை கொட்டியது. பதிவேட்டில் குறிப்பு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று நின்றேன். "எடம் மாறிடுச்சின்னு போடுங்க மேடம், வேல முடியும்" என்றார் அட்டெண்டர் அண்ணன். "தவறுதலாக இடம் மாறியது" என்று எழுதினேன். தவறுதலாகவாம். தூ!

புத்தகத்தைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். துறையில் பழைய பேப்பருக்கு ஒதுக்கி வைத்திருந்த உன் ஆய்வேட்டை இங்கே வேலைக்குச் சேர்ந்தபோதே எடுத்து வந்திருந்தேன், அதுவும் என்னிடம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சனி, ஞாயிறு முழுக்க உட்கார்ந்தேன். பத்து மேற்கோளும் அப்படியே இருந்தன, ஒரு கால்புள்ளி பிசகவில்லை. பத்துக் கோட்டின் மேலும் எண் எழுதினேன். பதினோராவது கிடைக்கவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இரண்டு முறை படித்தேன். இல்லை.

அப்போது ஒரு நொடி எனக்குச் சந்தோஷம் வந்தது. நீயும் பொய்தான் எழுதியிருக்கிறாய் என்று. என்ன ஜென்மமடி நான்!

பிறகுதான் அந்த வரியை ஒழுங்காகப் படித்தேன். நீ ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'பறித்த பருத்தியை எல்லாரும் எழுதுகிறார்கள், வேலை முடிந்து வந்த பிறகு அந்தக் கை அரித்ததை யாரும் எழுதுவதில்லை.'

சிவப்புப் புத்தகம் எழுதிய பேராசிரியருக்கு இது எப்படித் தெரியும்? இது உன் அம்மாவின் கை. கரும்புச் சுணை ஏறிய கை. கைடு உன்னிடம் ஓயாமல் சொல்வாரே, "நீ நெனச்சதெல்லாம் எழுதாத, யாரு சொன்னாங்கன்னு போடு" என்று. அதனால் நீ நினைத்ததை அந்தப் பேராசிரியர் தலையில் ஏற்றிவிட்டாய். முந்நூறு பக்கத்தில் அப்படி ஒரு வரி அவருக்கு எழுத வரவில்லை. எனக்கு ஏழு வருடத்தில் ஒரு வரியும் வரவில்லை, ஆனால் எம்.ஃபில். என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறேன்.

பதினோராவது கோட்டின் மேல் உன் பெயரை எழுதினேன்.

இன்று காலை பதிவேட்டை வாங்கி, 'தவறுதலாக' என்பதை அடித்துவிட்டு, 'மாணவியாக இருந்தபோது நான் ஒளித்து வைத்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். "இன்னா மேடம், ஒங்க வேலைக்கு நீங்களே வேட்டு வச்சிக்கறீங்க?" என்று அட்டெண்டர் அண்ணன் பதறினார். வைத்துக்கொண்டால் என்ன.

இப்போது காட்டேரிக்குப்பம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் உன் ஆய்வேடு. உன் அம்மாவிடம் அந்தப் பதினோராவது வரியைப் படித்துக் காட்டிவிட்டு, யார் பொய் சொன்னது என்று சொல்ல வேண்டும். கிளம்புமுன் இன்னொரு முறை கை கழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு, மூடிவிட்டேன். இந்த வாடையோடேயே வருகிறேன். இந்தக் கையை அவர் தொடுவாரா மாட்டாரா என்பது அவர் இஷ்டம்.