சேறு கழுவும் அறை

ராஜபாளையம்
12.9.2024

அன்புள்ள மகாலட்சுமிக்கு,

நீயும் சிவபாண்டி அண்ணனும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். ஃபோனில் கூப்பிட்டால் உன் அண்ணன், “யாரு, ஸ்ரீவில்லிபுத்தூரா?” என்று முகத்தைத் தூக்கிக்கொள்வார். அத்தை காரியத்தன்று மாமாவை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணனும் தங்கையுமாக நீங்கள் போட்ட சண்டை அவருக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் உங்கள் தெருவிலிருந்து எங்கள் நைட்டி கம்பெனிக்குத் தைக்க வரும் மாரிக்கனியிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

மாமா தினமும் விடியும் முன்னே சேத்தூர் பஸ்ஸில் ஏறிவிடுகிறார். வயலை விற்றது அவர் நினைவில் நிற்பதில்லை. வாங்கிய ஆவுடையப்பன் நல்ல மனுஷர். “பெரியவரு வரப்புல ஒக்காந்துட்டுப் போகட்டும்” என்று விட்டிருக்கிறார். ஆனால் உன் அப்பா உட்காருகிற ஆளா? முழங்கால் வரை சேற்றோடு வந்து நேரே ஹாலில் நடக்கிறார். நேற்று அப்படியே சோபாவில் உட்கார்ந்துவிட்டார். “எம்புட்டுத் தடவ சொல்றது, கால கழுவிட்டு வாங்கன்னு!” உன் அண்ணன் போட்ட சத்தத்தில், படித்துக்கொண்டிருந்த மகள் நாகஜோதி புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். மாமா தன் காலையே புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ இன்ஜினியர் ஆபீசில் வீட்டுப் பிளான் வரைகிறவள். அடுப்படிக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே சும்மா கிடக்கிற இடத்தில் ஒரு ரூம் வரைந்து கொடேன். வெளியிலிருந்து வருகிறவர் அங்கே செருப்பைக் கழற்றி, கால் கழுவி, துண்டை மாட்டிவிட்டு உள்ளே வர வேண்டும். எங்கள் செருப்பு, ஹெல்மெட், குடையும் அங்கேயே இருக்கட்டும். வெளிநாட்டு வீடுகளில் இதற்கென்றே ஒரு ரூம் இருக்கிறதாம், நாகஜோதி ஃபோனில் படம் காட்டினாள். அந்த மாதிரி பார்க்கவும் அழகாக இருக்கணும்.

உன் மதினி,
கல்பனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
18.9.2024

அன்புள்ள மதினிக்கு,

அப்பாவுக்காக என்னிடம் ஒன்று கேட்டீர்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆபீஸ் வேலையை ஓரம் வைத்துவிட்டு வரைந்தேன்.

தரைக்குச் சொரசொரப்பான செங்கல் நிற டைல் போடுங்கள். ஈரத்தில் வழுக்காது, சேறு பட்டாலும் அசிங்கமாகத் தெரியாது. தண்ணீர் மூலைக்கு ஓட வாட்டம் முக்கியம், கொத்தனாரை நம்பி விட்டுவிடாதீர்கள். குழாய் முழங்கால் உயரத்தில் இருந்தால் அப்பா குனிய வேண்டியதில்லை. சுவரோடு ஒரு பெஞ்ச், அடியில் செருப்புத் தட்டு. கொக்கிகள் இரண்டு வரிசை. மேல்வரிசை உங்களுக்கு, கீழ்வரிசை அப்பாவுக்கு. அவரால் வலது தோளைத் தூக்க முடியாதே. சுவருக்கு வெளிர் மஞ்சள். ஒரு முகக்கண்ணாடி. முற்றத்துப் பக்கம் ஒரு கதவு, வீட்டுக்குள் ஒரு கதவு. அந்த வழியாக நுழைந்து இந்த வழியாக உங்களிடம் வந்துவிடுவார்.

எங்களுக்கு இங்கே ரெண்டே ரூம், அதில் மாமியாரும். இல்லையென்றால் அப்பாவை நானே வைத்துக்கொள்வேன் என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே சோறு தின்கிறேன், மதினி. ஒரு தடவையாவது வீட்டுக்கு வந்து போகக் கூடாதா?

மகா


ராஜபாளையம்
21.10.2024

அன்புள்ள மகா,

ராக்கப்பன் கொத்தனார் வேலையைத் தொடங்கிவிட்டார். உன் பிளானைப் பார்த்து, “யாரு வரஞ்சது? நெளிவு சுளிவு தெரிஞ்ச கை” என்றார். உன் அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் காதில் விழுந்திருக்கும். மாமா மணல் குவியலில் உட்கார்ந்து, “மதகு கட்டுறீகளா?” என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். கொத்தனாரும் சலிக்காமல் ஆமாம் என்கிறார்.

போன வாரம் மாமா பஸ் மாறி ஏறி வத்திராயிருப்பில் இறங்கி, பிளவக்கல் அணைக்குப் போகிற ரோட்டில் நடந்திருக்கிறார். மகாராஜபுரத்தில் ஒரு டீக்கடைக்காரர் சட்டைப்பையில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். உன் அண்ணன் போய்க் கூட்டிவந்தார். வண்டியில் வரும்போதே வேட்டியை நனைத்துவிட்டாராம். ஹாலில் படுக்கையும் இப்போது அடிக்கடி நனைகிறது.

அதனால் பிளானில் சின்ன மாற்றம் வேண்டும். பெஞ்ச் ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம் இருக்கட்டும், வந்த களைப்பில் செத்த நேரம் சாய்வார். மூலையில் ஒரு டாய்லெட்டும் வரைந்துவிடு. ஜன்னலுக்கு கிரில்.

கல்பனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
28.10.2024

அன்புள்ள மதினிக்கு,

அப்பா தொலைந்த விஷயம் படித்து அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. கேட்டபடி எல்லாம் வரைந்து வைத்திருக்கிறேன். டாய்லெட் பக்கத்தில் எழுந்திருக்க ஒரு கைப்பிடி போட்டிருக்கிறேன். கண்ணாடி இருந்த இடத்தில் சுவர் ஃபேன்.

ஆறடி பெஞ்ச், டாய்லெட், ஃபேன். இனி செருப்பை எங்கே வைப்பீர்கள் மதினி? சிரிக்கத்தான் கேட்கிறேன். ராத்திரி அவர் ஹாலில்தானே படுப்பார்? அதை மட்டும் எழுதுங்கள்.

மகா


ராஜபாளையம்
2.12.2024

அன்புள்ள மகா,

நீ கேட்டதற்கு இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன்.

ரூம் நன்றாக வந்திருக்கிறது. எதிர்வீட்டு ஜெயபாய் வந்து பார்த்து, தன் வீட்டுக்கும் இப்படியே வேண்டும் என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனாள்.

நடவு முடிந்த வயலில் மாமா இறங்கி, களை என்று நினைத்து நாற்றைப் பிடுங்கிப் போட்டிருக்கிறார். தடுத்த ஆள்மேல் மண்வெட்டியை ஓங்கியிருக்கிறார். ஆவுடையப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார். “அவிய மேல எனக்கு மரியாதை இருக்கு தாயி. ஆனா இனிமே அனுப்பாதிய. ஆளுக கை வச்சுட்டா நான் என்ன செய்ய?” என்றார். சத்தம் போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றிலிருந்து முற்றத்துக் கதவுக்குப் பூட்டு. நாங்கள் வேலைக்குப் போகும்போது உள்கதவையும் எங்கள் பக்கம் தாழ் போட்டுவிடுகிறோம். சாப்பாடு, படுக்கை எல்லாம் அவருக்கு அங்கேதான். எங்கள் செருப்பெல்லாம் பழையபடி முன்வாசலில் கிடக்கின்றன.

பகலெல்லாம் மிஷினில் உட்கார்ந்து தைத்துவிட்டு வந்து, அவரைக் குளிப்பாட்டி, துணியை அலசிப் போடுகிறேன். உன் அண்ணன் அந்த ரூம் பக்கமே வருவதில்லை. என்னைத் தப்பாக நினைக்காதே.

கல்பனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
9.12.2024

மதினிக்கு,

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு வந்தேன். வீட்டில் நீங்கள் யாரும் இல்லை. பக்கவாட்டு கேட் வழியாகப் போய் ஜன்னல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பா தலையில் துண்டைக் கட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு, பெஞ்சில் தயாராக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அம்மா என்று நினைத்துவிட்டார்.

“ஏட்டி கருத்தம்மா, எங்க போன? கதவத் தெற. இன்னைக்கித் தண்ணி மொற நம்மளுது.”

“அப்பா, நான் மகா வந்திருக்கேன்ப்பா.”

“மகா பள்ளிக்கூடம்லா போயிருக்கா. நீ கதவத் தெற.”

கொண்டுபோன முறுக்கைக் கிரில் வழியாகக் கொடுத்தேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் கதவைத் திறக்கச் சொன்னார். நான் பஸ்ஸுக்குத் திரும்பும்வரை கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அந்தத் தரையில் ஒரு பொட்டுச் சேறு இல்லை, மதினி. நான் எதற்கு வரைந்தேன், நீங்கள் எதற்கு வைத்திருக்கிறீர்கள்?

பூட்டை எடுங்கள். முடியாதென்றால் சொல்லுங்கள், நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

மகாலட்சுமி


ராஜபாளையம்
11.12.2024

மகாவுக்கு,

கூட்டிக்கொண்டு போ. கோபத்தில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வா, எல்லோரும் வீட்டில் இருப்போம். அவருடைய வேட்டி, மாத்திரை, ரப்பர் ஷீட் எல்லாம் ஒரு பையில் எடுத்து வைத்துவிட்டேன். உன் அண்ணனிடம் சொன்னேன். “அவ வருவாளா?” என்று கேட்டார். மாமாவிடம், “மக வீட்டுக்குப் போறிய” என்றேன். முகச்சவரம் செய்துவிடச் சொன்னார்.

கல்பனா


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.1.2025

அன்புள்ள மதினிக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு வரை போனேன். இரண்டு ராஜபாளையம் பஸ் வந்து போயின. ஏறவில்லை.

என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லவில்லை. “கூட்டிட்டு வா. நீ ஆபீசுக்குப் போன பொறவு ஒங்கப்பாவ யாரு பாப்பா? எங்கம்மாவால எந்திரிச்சு நடக்கவே முடியல” என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் பின்ரூமுக்கு ஜன்னல் கிடையாது. நானும் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். உங்கள் ரூமில் காற்றாவது வருகிறது.

இதை எழுத எனக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. சவரம் செய்துகொண்டு எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று நான் கேட்கப் போவதில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

இதோடு ஒரு படம் வைத்திருக்கிறேன். ராக்கப்பனிடம் சொல்லி ஜன்னலை ஒன்றரை அடி கீழே இறக்கிவிடுங்கள், படுத்தபடியே பக்கவாட்டு கேட் வழியாக ரோடு தெரியும். முற்றத்துக் கதவில் உள்பக்கம், அவர் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு தாழ்ப்பாள் குறித்திருக்கிறேன். அதை அவர் திறந்து திறந்து மூடிக்கொள்ளலாம். வெளியே உள்ள பூட்டு அப்படியே இருக்கட்டும்.

மகா