பாய் தைத்தவளுக்குப் பதினோரு பக்கம்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம், என்னைத் தவிர. பெரியவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. அத்தைக்கு மூட்டுவலி வழக்கம்போல. ஒழுகிய குழாயை நானே சரிசெய்துவிட்டேன்.

தேசிய ரயில்வே கம்பெனியின் நூறு வருட வரலாற்றை எழுத நீங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. நீங்கள் அனுப்பும் கிறுக்கலை நல்ல கையெழுத்தில் எழுதி அச்சகத்துக்குக் கொடுப்பது என் வேலை. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. முதல் பாய்மர ரயில் காற்றில்லாமல் ஒன்பது மணி நேரம் நின்றதையும், பயணிகள் இறங்கித் தள்ளியதையும் எழுதும்போது வாய்விட்டுச் சிரித்தேன். நாற்பது நாள் காற்றே அடிக்காமல் மூன்று தனியார் கம்பெனிகளும் படுத்துவிட, அரசாங்கம் அவற்றை ஒன்றாக்கிய கதையையும் பிழையில்லாமல் எழுதினேன்.

ஐந்தாம் அத்தியாயத்தில்தான் கை ஓடவில்லை. பக்கக்காற்றிலும் ரயில் ஓடும்படி பாயை மாற்றித் தைத்தாளே, அவள். கம்பெனியைத் தொடங்கிய மந்திரிக்கே இரண்டு பக்கம்தான், இவளுக்குப் பதினோரு பக்கமா? செத்து எண்பது வருடமானவள்மேல் எனக்குப் பொறாமை. ஆமாம், பொறாமைதான். சிரிக்க வேண்டாம்.

நூலை இடப்பக்கப் பல்லால் கடித்து அறுப்பாளாம். நெற்றியில் விழும் முடியை மணிக்கட்டால் ஒதுக்குவாளாம். கோபம் வந்தால் ஊசியைக் காலரில் குத்திக்கொண்டு பேசாமல் இருப்பாளாம். அவளுக்கு ஒரு படம்கூட இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்? பிறகு இதையெல்லாம் யாரைப் பார்த்து எழுதினீர்கள்?

உங்கள் தங்கை படித்துவிட்டு, அண்ணன் எழுதியிருப்பது உங்களைத்தான் அண்ணி என்றாள். அந்த ஆசையில் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒரு சட்டைப் பொத்தான் தைத்துப் பார்த்தேன். நான் கத்தரிக்கோலால்தான் வெட்டுகிறேன். கோபம் வந்தால் பேசாமல் இருக்கிறவளா நான்? தெருவுக்கே கேட்கும்.

ஆவண அறையில் பழைய பதிவேடுகளைத் தைத்துக் கொடுக்கும் பெண் நல்ல ஒத்தாசை என்று மூன்று கடிதங்களில் எழுதினீர்கள். அப்புறம் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படி நிறுத்தியதற்கு நீங்கள் அவளைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்திருக்கலாம்.

அத்தியாயத்தை ஒரு வரி விடாமல் எழுதி முடித்துவிட்டேன். ஆனால் அச்சகத்துக்குக் கொடுக்கவில்லை. அது நான்தான் என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பொய்யென்றாலும் நம்பிவிடுகிறேன், உடனே கொடுத்துவிடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னும் உங்கள்
மனைவி