நீங்கள் ஜெபித்தபோது நான் போட்ட கையெழுத்து

என் பிரியமான அத்தான்,

நீங்கள் போய் இருபத்தாறு நாள். சுற்றி வளைக்க எனக்கு வராது, உங்களுக்கே தெரியும். விஷயத்துக்கு வருகிறேன்.

நீங்கள் கடைசியாக இறங்கியது மரக்கட்டை ஏற்றி வந்த கப்பல். மூடிய சரக்கறையில் மரம் அடைந்து கிடந்தால் உள்ளே இருக்கிற ஆக்சிஜனை அதுவே தின்றுவிடும். ஆள் இறங்குமுன் மீட்டரைக் கயிற்றில் விட்டு அளக்கத்தான் டிப்ளமோ படித்த என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். சரக்கு இறக்கும் கேங்குக்கு மேஸ்திரி நீங்கள்.

ஏணி வாயருகே தினமும் ஜெபம் பண்ணுவீர்கள். முடித்த கையோடு, "மாப்ள, மீட்டர் என்ன சொல்லுது?" என்பீர்கள். ஜெபத்தை மட்டும் நம்பி நீங்கள் ஒருநாளும் இறங்கியதில்லை. கூட வேலை செய்கிறவனை உயிரோடு வீட்டுக்கு அனுப்புவதும் ஆராதனைதான் என்று மில்லர்புரம் சபையில் பிரசங்கமே செய்தீர்கள்.

எனக்கு உங்கள் ஜெபம் நீளம். அன்றைக்கு உங்கள் கண் மூடியிருந்த நேரத்தில் படிவத்தை நிரப்பினேன். ஆக்சிஜன் 20.9 சதவீதம், நல்ல காற்றில் இருக்கிற அளவு. கையெழுத்து. பிறகு அளந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். கிரேன்காரர் கூப்பிட்டார், தாளை வைத்துவிட்டுப் போனேன். நீங்கள் கண்ணைத் திறந்து தாளைப் பார்த்தீர்கள். மச்சினன் கையெழுத்து இருக்கும்போது கேட்க என்ன இருக்கிறது? வழக்கம்போல முதல் ஆளாக இறங்கினீர்கள். கடைசிப் படிக்கு வருமுன்பே விழுந்துவிட்டீர்கள்.

அடக்க ஆராதனையில் போதகர் தேவசித்தம் என்றார். மீட்டர் பழுது என்று எழுதிக் கொடுத்துவிடு தம்பி என்றார் கான்ட்ராக்டர். சொல்லிவிட்டு ஒரு ஸ்தோத்திரமும் சொன்னார்.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் அக்கா எழுந்து, என் தம்பி எல்லாவற்றையும் சரியாகப் பார்த்தும் அவரைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று சபை முன் அழுதாள். ஆளாளுக்கு என் தோளைத் தட்டினார்கள். கைகூப்பி வாங்கிக்கொண்டேன்.

நேற்று மத்தியானம் அவளிடம் சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்காமல். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையைக்கூட எடுக்கவில்லை. கழுவியபடியே கேட்டாள்.

"அவிய ஜெபம் எவ்ளோ நேரம்ல இருக்கும்?"

"ரெண்டு நிமிஷம்க்கா."

"ரெண்டு நிமிஷம் உனக்கு நிக்க முடியல."

அப்புறம், "சபைல உன்னப் பெருமையாச் சொல்லிட்டேன். நான் போய் மாத்திச் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு" என்றாள். அதோடு பேச்சை நிறுத்தினவள்தான்.

மன்னிப்பைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்திருப்பீர்கள். அதைக் கேட்க எனக்கு வாய் உண்டா, அத்தான்? அவளிடம் கேட்கப் போவதில்லை. கேட்டால் அதுவும் என் அவசரம்தான்.

நாளை விசாரணை அதிகாரியிடம் நடந்ததை எழுதிக் கொடுப்பேன். வேலை போகும், வழக்கு வரும். வரட்டும். ஞாயிற்றுக்கிழமை அக்கா நின்ற இடத்தில் நின்று சொல்வேன். அவள் சபைக்கு வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன்.

இப்படிக்கு,
மாப்ள என்று நீங்கள் கூப்பிட்ட, உங்கள் மனைவியின் தம்பி
ஸ்டான்லி