சேகர் தூங்கும் அறைக்கு மேலே

ஜூலை 7, திங்கள்

வெயில் கொளுத்துகிறது. புதன் முதல் கிள்ளானில் தண்ணீர் கட். கூரைக்குள் இருக்கும் பழைய சின்னத் தொட்டி அரை நாள்கூடத் தாங்காது. லைசன்ஸ் உள்ள பிளம்பருக்கு போன் போட்டால் அடுத்த வாரம்தான் வருவாராம்.

மணியம் இன்றே வந்தார். என் வீட்டுக்காரர் சேகரின் கூட்டாளி. துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். லீவு நாளில் குழாய், வயரிங், ஏர்கான், எதையும் விட்டுவைப்பதில்லை.

"லைசன்ஸ்காரன் வர்ற வரைக்கும் குளிக்காம இருப்பீங்களாக்கா? சாயங்காலத்துக்குள்ள முடிச்சிரலாம் லா."

முடித்துவிட்டார். பெரிய தொட்டி, சேகரின் அறைக்கு நேர் மேலே. ராத்திரி முழுக்க கன்டெய்னர் லோரி ஓட்டிவிட்டுப் பகலில் அங்கேதான் தூங்குவார். மணியத்துக்கு மீன் கறியோடு சாப்பாடு போட்டு அனுப்பினேன்.

வாங்க: சோப்புத்தூள், முட்டை, சேகருக்குத் தைலம்.

ஜூலை 9, புதன்

தெருவில் எல்லாக் குழாயும் வறண்டு கிடக்க, நம் வீட்டில் மட்டும் கொட்டுகிறது. கொஞ்சம் கர்வம்தான்.

பக்கத்து வீட்டு கமலா ஆன்டி கேட்டில் நின்று கத்தல். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

"உங்க வீட்டுத் தண்ணி என் செவுத்துல இறங்குதும்மா! மேல ஏறிப் பாக்கச் சொல்லு!"

சனிக்கிழமை பார்க்கச் சொல்கிறேன் என்றேன். குப்பை, பூனை, கார் பார்க்கிங் என்று தினம் ஒரு புகார். பொறாமை என்றுகூட நினைத்தேன்.

ஜூலை 10, வியாழன்



பங்சார் ஆபீஸில் இருக்கும்போது சேகர் போன். "சுமதி, எனக்கு ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வா."  கிராப் கார் பிடித்து வந்தேன். வழியெல்லாம் முருகா, முருகா.

சீலிங் பிய்ந்து, தொட்டி கட்டில்மேல். கட்டில் இரண்டாக. தலையணைமேல் உடைந்த கட்டை. அறை முழுக்கத் தண்ணீர்.

நடந்தது இதுதான். சுவரில் ஈரம் அதிகமானதும் கமலா ஆன்டி நம் கேட்டைத் தடதடவென்று தட்டியிருக்கிறார். தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பி, கட்டிய கைலியோடு தன் வீட்டுக்கு இழுத்துப் போய்ச் சுவரைக் காட்டித் திட்டியிருக்கிறார். பாதித் திட்டில் இந்தப் பக்கம் சத்தம்.

சனிக்கிழமை வரை விட்டிருந்தால்? எழுதவே பிடிக்கவில்லை.

ஆன்டி காலில் விழப் போனேன்.

"எந்திரிம்மா. என் செவுத்துக்காகத்தான் வந்தேன், உன் புருஷனுக்காக இல்ல. வா, ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

ரசமும் நெத்திலி வறுவலும். அழுதுகொண்டே சாப்பிட்டேன். ஆன்டி நூறு வருஷம் கத்திக்கொண்டே இருக்கட்டும்.

ஜூலை 11, வெள்ளி

மேகமூட்டம். லீவு. தண்ணீர் வந்துவிட்டது. சேகர் ஹாலில் பாய் போட்டுத் தூங்கினார். சும்மா உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பைத்தியம் மாதிரி.

அடுத்த வாரம் என்ற லைசன்ஸ் பிளம்பர், நடந்ததைச் சொன்னதும் இன்றே வந்து மேலே ஏறிப் பார்த்தார். இவ்வளவு பாரத்தைச் சுவர்மேல் தாங்கும்படி மரச்சட்டம் அடித்து வைத்திருக்க வேண்டுமாம். மணியம் வைத்தது சீலிங்கைப் பிடிக்கும் மெல்லிய கட்டைமேல். குழாய் மூட்டும் கசிந்து கட்டை ஊறிப்போய்விட்டது.

மத்தியானம் மணியம் வந்தார். திட்டுவதற்கு வாய்நிறைய வைத்திருந்தேன். அறையைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா... காப்பார்ல என் தங்கச்சி வீட்லயும் இதே மாதிரிதான் வச்சேன். கீழ பிள்ளைங்க ரூம்."

சேகர் அதற்குள் கார் சாவியை எடுத்துவிட்டார். அவர் கிளம்புமுன் நான் மணியத்திடம் நம்பர் வாங்கி அந்தத் தங்கச்சிக்கு போன் போட்டுவிட்டேன். பிள்ளைகளை வெளியே கொண்டு வா, எதையும் எடுக்காதே, மெயின் குழாயை மூடு. யார் பேசுவது என்றுகூட அந்தப் பெண் கேட்கவில்லை. ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் சேகரிடமிருந்து வீடியோ. முற்றத்தில் ஹோஸ் போட்டுத் தொட்டியை வடிக்கிறார்கள். இரண்டு வாண்டுகள் அந்தத் தண்ணீரில் குதிக்கின்றன. நனையாதீங்க என்று யாரோ அதட்ட, என் வீட்டுக்காரர் குரல்: "விடும்மா, நல்லா ஆடட்டும்."