கட்டில் காலில் கேட்ட தறிச் சத்தம்

என் உயிரான டாக்டரக்கா,

தோற்றுவிட்டேன். நம் ஆஸ்பத்திரியை நாளைக்கு இடிக்கிறார்கள். அந்த இடத்தில் பட்டுக்கடைக்கு வருகிற கார்களை நிறுத்தப் போகிறார்களாம்.

கட்டடத்துச் சொந்தக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். "வேற டாக்டர் யாராச்சும் வந்தா விக்க மாட்டேன்மா" என்று பொறுத்துத்தான் பார்த்தார். நானும் கேட்காத ஆளில்லை. நம் வார்டில் பிழைத்தெழுந்த குமரனே இன்று சென்னையில் குழந்தை டாக்டர். "எல்லாம் சரி சிஸ்டர், அங்க வந்து நான் இன்னா பண்றது?" என்றான். அதற்கு மேல் என்ன கேட்பது?

குழந்தைகளுக்கென்றே ஒரு டாக்டராக இந்த ஊர் முதலில் பார்த்தது உங்களைத்தான். "புள்ளைங்களுக்குத் தனியா டாக்டரா?" என்று சிரித்தவர்கள் பிறகு உங்கள் வாசலில் தவம் கிடந்தார்கள்.

தறிக்குப் பக்கத்திலேயே தூளியில் வளர்ந்த குழந்தைகள், வார்டின் அமைதியில் தூங்காமல் வீறிடும். நீங்களும் தறி வீட்டுப் பெண் அல்லவா, உங்களுக்குப் புரிந்தது. மரக்கரண்டியை என் கையில் கொடுத்து, கட்டில் காலைக் காட்டி, "நெய்யி மல்லிகா, நெய்யி" என்பீர்கள். தறிச் சத்தம் போலவே தட்டுவேன், டொக், டொக். அழுகை அடங்கும். அதன் பிறகுதான் ஸ்டெதஸ்கோப்பை எடுப்பீர்கள்.

உங்கள் கடைசி நாட்களில் சென்னை ஆஸ்பத்திரியில் தூக்கம் வராமல் கிடந்தீர்கள். கட்டில் கம்பியில் விரலால் தட்டினேன். "சத்தம் போடாதீங்கமா" என்றாள் அங்கிருந்த நர்ஸ். நிறுத்திவிட்டேன். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று காலை நம் ஆஸ்பத்திரியைக் கடைசியாக ஒருமுறை பார்க்கப் போனேன். பூட்டிய கதவின் முன்னால் ஒரு பெண், கைக்குழந்தையோடு. குழந்தையின் உடம்பு நெருப்பாகக் கொதித்தது.

"டாக்டரம்மா இல்லையேமா, தெரியாதா?"

"தெரியும்கா. புள்ள கத்திக்கினே இருக்குது. கை காலு ஓடல, இங்க வந்துட்டேன்."

படியில் உட்கார்ந்து, பையில் வைத்திருந்த அந்த மரக்கரண்டியால் கதவில் தட்டினேன். குழந்தை தூங்கிவிட்டது, அக்கா. காய்ச்சல் மட்டும் இறங்கவில்லை. ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். என்ன ஆயிற்றோ?

தூங்க வைக்கத்தான் எனக்குத் தெரியும். பிழைக்க வைக்க உங்களுக்குத் தெரியும். நீங்கள் இல்லாமல் இந்தக் கரண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்?

நாளை இடிக்கிற இடத்துக்கு நான் போகவில்லை. அந்தக் குழந்தையைத் தேடிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அது அங்கே இருந்தால், யார் அதட்டினாலும் இந்த முறை தட்டுவதை நிறுத்த மாட்டேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கை,
மல்லிகா